அலிகாரின் முதல் வேந்தர்: போபால் பேகம் நவாப் சுல்தான் ஜஹான்

கல்விப் பணியில் முஸ்லிம் பெண்கள் என்று பேச்சு வந்தால், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அல்-கரவிய்யீன் பள்ளிவாசலையும் கல்விக்கூடத்தையும் நிறுவியவராகச் சொல்லப்படும் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரியின் பெயரை நாம் சொல்வோம். அது பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய, தொலைதூரத்து வரலாறு. நம் நாட்டிலேயே, நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு முஸ்லிம் பெண்மணி ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராக அமர்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1920-ல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தராகப் பொறுப்பேற்றவர் போபால் சமஸ்தானத்தின் ஆட்சியாளர் நவாப் சுல்தான் ஜஹான் பேகம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வேந்தரான முதல் பெண் அவர். 1930-ல் வஃபாத் ஆகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் இன்றுவரை அலிகாரில் வேறு எந்தப் பெண்ணும் வேந்தரானதில்லை.

"பெண்பிள்ளையை எதுவரை படிக்க வைப்பது? பர்தாவைக் காப்பதா, படிப்பைத் தொடர்வதா?" என்ற கேள்வி இன்றும் பல வீடுகளில் எழுகிறது. தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பர்தாவுக்குள் கழித்துக்கொண்டே நாட்டை ஆண்டு, பள்ளிகள் திறந்து, பல்கலைக்கழகத்துக்கும் தலைமை தாங்கிய இந்தப் பெண்மணியின் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

பெண்கள் ஆண்ட போபால்

போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, தொடர்ந்து நான்கு பெண்கள் ஆண்டார்கள். கணவர் நவாப் நஸர் முஹம்மது கான் துப்பாக்கி வெடித்து இறந்தபோது, இளம் விதவையான குத்சியா பேகம் 1819-ல் கைக்குழந்தையான மகளின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அந்த மகள்தான் சிக்கந்தர் பேகம். குதிரையேற்றத்திலும் நிர்வாகத்திலும் பெயர் பெற்ற அவர், 1863-64-ல் ஹஜ்ஜுக்குச் சென்று அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியும் வைத்தார். அவருடைய மகள் ஷாஜஹான் பேகம் 1868 முதல் 1901 வரை ஆண்டார். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1889-ல் கட்டப்பட்ட பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஷாஜஹான் பேகத்தின் மகளாக 1858 ஜூலை 9 அன்று பிறந்தவர் சுல்தான் ஜஹான். அவரை வளர்த்துப் படிக்க வைக்கும் பொறுப்பைப் பாட்டி சிக்கந்தர் பேகமே எடுத்துக்கொண்டார். குர்ஆன், பாரசீகம், ஆங்கிலம், கணக்கு, கையெழுத்துப் பயிற்சி, குதிரையேற்றம் என்று நாள் முழுவதும் நேரம் பிரித்துப் பாடங்கள் நடந்தன. ஒரு பெண் குழந்தை நாளை நாட்டை ஆளப்போகிறாள் என்ற எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட கல்வி அது. அந்தக் காலத்தில் வட இந்தியாவின் பெரிய முஸ்லிம் குடும்பங்களில் கூட, பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பதோடு படிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். எழுதக் கற்றுக்கொடுக்கவே பலர் தயங்கினார்கள். பாட்டி கொடுத்த கல்வி எவ்வளவு அரிது என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்ததாலேயே, அதை மற்றப் பெண்களுக்கும் கொடுக்க அவர் இவ்வளவு பாடுபட்டார் எனலாம்.

1868-ல் பாட்டி இறந்தார். சுல்தான் ஜஹானுக்கு அப்போது பத்து வயது. தாய் அரியணை ஏற, மகள் வாரிசாக அறிவிக்கப்பட்டார்.

துயரங்களைத் தாண்டி

அரண்மனை வாழ்க்கை அவருக்கு இன்பமாக அமையவில்லை. 1871-ல் தாய் ஷாஜஹான் பேகம், புகழ்பெற்ற மார்க்க அறிஞர் சித்தீக் ஹசன் கானை மறுமணம் செய்தார். அதன்பின் தாய்க்கும் மகளுக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்து, ஒரே ஊரில் இருந்தும் பல ஆண்டுகள் விலகியே வாழ்ந்தார்கள். தாயின் கடைசிக் காலம் வரை அந்தப் பிரிவு தீரவில்லை.

சுல்தான் ஜஹானுக்கும் அவர் கணவர் அஹ்மத் அலி கானுக்கும் மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பில்கீஸ் ஜஹான், ஆசிஃப் ஜஹான் என்ற இரண்டு மகள்களையும் சிறு வயதிலேயே மரணம் பறித்துக்கொண்டது. 1901-ல் தாய் இறந்து, தன் நாற்பதுகளில் அரியணை ஏறினார். ஆட்சி ஏற்ற சில மாதங்களில், 1902 ஜனவரியில், கணவரும் இறந்துவிட்டார்.

இத்தனை இழப்புக்குப் பிறகும் அவர் அரண்மனைக்குள் முடங்கவில்லை. சமஸ்தானத்தின் கிராமப் பகுதிகளைக் கூடாரம் அடித்துத் தங்கிச் சுற்றிப் பார்த்தார். வரி, காவல், நீதி, சிறை நிர்வாகங்களைச் சீர்திருத்தினார். குடிநீர் வசதியை மேம்படுத்தினார், அம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் செவிலியர்களை உருவாக்கவும் ஏற்பாடு செய்தார். 1903-ன் இறுதியில் ஹஜ் பயணம் புறப்பட்டார். வழியில் தாக்குதல்களைச் சந்தித்த அந்தப் பயணத்தை எழுதி நூலாக வெளியிட்டார். குடும்பத்தில் அவரை 'சர்க்கார் அம்மா' என்று அழைத்தார்கள்.

பள்ளிக்கூடம் எட்டாத பெண்கள்

ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1903-ல், போபாலில் பெண்களுக்காக சுல்தானியா பள்ளியைத் தொடங்கினார். இந்துப் பெண்பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி ஏற்படுத்தினார். சமஸ்தான மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் பெண்கள் படிக்காததற்கு, பெற்றோருக்கு மனமில்லை என்பது மட்டும் காரணம் அல்ல. மனம் இருந்த பெற்றோருக்கும் வழி இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி அனுப்புவது, அங்கே யார் பாடம் நடத்துவார்கள், வெளியூர்ப் பிள்ளை எங்கே தங்குவாள், மார்க்கக் கல்வி விடுபட்டுப் போகாதா என்று நான்கு கவலைகள் இருந்தன. இந்தக் கவலைகளைச் சாக்குப்போக்கு என்று பேகம் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்தால் பெற்றோர் அனுப்புவார்கள் என்று நம்பினார். மூடிய வாகனம், பெண் ஆசிரியைகள், பர்தா முறை பேணும் விடுதி, பாடத்திட்டத்தில் குர்ஆனும் மார்க்கமும் என்பவைதான் அவர் கண்ட வழி.

1909-ல் போபாலில் பெண்களுக்கான ஒரு மன்றத்தையும் ஏற்படுத்தினார். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் அங்கே கூடி, உடல்நலம், குழந்தை வளர்ப்பு, கல்வி பற்றிய உரைகளைக் கேட்டார்கள். பேகமே பல உரைகளை நிகழ்த்தினார். தன் வரலாறு, ஹஜ் பயணம், உடல்நலம், குழந்தை வளர்ப்பு, கணவன் மனைவி உரிமைகள், பர்தா என்று பல பொருள்களில் அவர் பெயரில் வெளிவந்த நூல்களும் உரைத் தொகுப்புகளும் சுமார் நாற்பது.

1918-ல் போபாலில் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். சுதந்திர இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் வந்தது 2009-ல் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அலிகாரோடு ஏற்பட்ட உறவு

சர் சையத் அஹ்மத் கான் 1875-ல் அலிகாரில் தொடங்கிய பள்ளி, 1877-ல் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக வளர்ந்தது. முஸ்லிம் ஆண்பிள்ளைகளுக்கு நவீனக் கல்வியைக் கொண்டுவந்ததில் சர் சையதின் பங்கு மிகப் பெரியது. ஆனால் பெண்களுக்குப் பள்ளி திறப்பதில் அவர் அவசரம் காட்டவில்லை. முதலில் ஆண்கள் படிக்கட்டும், படித்த ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களைப் படிக்க வைப்பார்கள் என்பதே அவர் கருத்து.

அதை ஏற்காத ஓர் இளம் வழக்கறிஞர் அலிகாரிலேயே இருந்தார். அவர் பெயர் ஷேக் அப்துல்லாஹ். இஸ்லாத்தைத் தழுவிய காஷ்மீரி. அவரும் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1904-ல் 'காத்தூன்' என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார்கள். 1906-ல் ஒரு சிறு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவிகளோடு பெண்கள் பள்ளியை ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் மூடிய பல்லக்கில் பள்ளிக்கு வந்தார்கள். ஊரில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கல்லூரியின் பெரிய மனிதர்கள் பலரும் ஆதரவு தரவில்லை.

அந்த நேரத்தில் மாதந்தோறும் மானியம் கொடுத்து அந்தப் பள்ளியைத் தாங்கியவர் போபால் பேகம். பணம் ஒரு பக்கம் இருக்க, அவர் பெயரே அந்தப் பள்ளிக்கு அரணாக அமைந்தது. ஹஜ் செய்தவர், பர்தாவைக் கண்டிப்பாகப் பேணுபவர், மார்க்க நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுப்பவர் ஆதரிக்கும் ஒரு பள்ளியை மார்க்கத்துக்கு விரோதமானது என்று சொல்வது யாருக்கும் எளிதாக இல்லை.

1914-ல் பேகம் நேரில் அலிகார் வந்து பெண்கள் விடுதியைத் திறந்து வைத்தார். அதன்பின் வெளியூர்க் குடும்பங்களும் தைரியமாகப் பெண்களை அனுப்பத் தொடங்கின. அதே சமயத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள் அலிகாரில் கூடி அகில இந்திய முஸ்லிம் பெண்கள் மாநாட்டை உருவாக்கினார்கள். அதற்கும் பேகமே தலைமை வகித்தார். அலிகாரில் முஸ்லிம் கல்வி மாநாட்டு அமைப்பின் தலைமையகமாக விளங்கிய 'சுல்தான் ஜஹான் மன்ஸில்' அவருடைய கொடையில் எழுந்த கட்டடம்.

அவருடைய கொடை அலிகாரோடு நிற்கவில்லை. தேவ்பந்த் தாருல் உலூமுக்கும் லக்னோவின் நத்வாவுக்கும் உதவினார். அல்லாமா ஷிப்லி நுஃமானி நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறான 'சீரத்துன் நபி'யை எழுதத் தொடங்கியபோது, அந்தப் பணிக்கான செலவை மாத மானியமாக ஏற்றுக்கொண்டார். 1914-ல் ஷிப்லி இறந்தபின் அவருடைய மாணவர் சையத் சுலைமான் நத்வி அதைத் தொடர்ந்தார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பேகம் கருதவில்லை என்பதற்கு இது சான்று.

வேந்தர் பொறுப்பு

கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்த 1911 வாக்கில் ஆகா கான் தலைமையில் நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. பேகம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அன்றைய ஒரு லட்சம் மிகப் பெரிய தொகை. தன் இளைய மகன் ஹமீதுல்லாஹ் கானையும் அலிகார் கல்லூரியிலேயே படிக்க வைத்தார். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனத் தனிக் கல்லூரிகள் இருந்த காலம் அது.

1920-ல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. பேகம் வேந்தர், மஹ்மூதாபாத் ராஜா முஹம்மது அலி முஹம்மது கான் துணைவேந்தர். வேந்தர் என்பவர் பல்கலைக்கழகத்தின் தலைவர். பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குபவர். அன்றாட நிர்வாகம் துணைவேந்தரின் கையில் இருக்கும். 1922-ல் நடந்த முதல் பட்டமளிப்பு விழாவில் 64 வயதுப் பேகம் புர்கா அணிந்தபடி வந்து தலைமை தாங்கி உரையாற்றினார். அன்று பட்டம் பெற்ற இளைஞர்கள் ஒரு முஸ்லிம் பெண்ணின் தலைமையில்தான் பட்டதாரிகள் ஆனார்கள்.

அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. பல்கலைக்கழகம் பிறந்த அதே 1920-ல் கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்கள் அலிகாரை உலுக்கின. ஆங்கில அரசின் உதவியை விட்டு வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் அக்டோபர் 29 அன்று அலிகாரிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கினார்கள். 1925-ல் அது டெல்லிக்கு இடம் மாறியது. பேகம் ஆங்கில அரசோடு இணக்கமாக நடந்த சமஸ்தான ஆட்சியாளர். அந்த வகையில் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்கள் அவரோடு உடன்படவில்லை. 1927-ல் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீது எழுந்த குறைகளை சர் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையிலான குழு விசாரித்தது. அதன்பின் 1929-ல் சர் சையதின் பேரர் ராஸ் மசூத் துணைவேந்தராக வந்து நிர்வாகத்தைச் சீர்செய்தார். இவை எல்லாம் பேகம் வேந்தராக இருந்த காலத்திலேயே நடந்தவை.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். வேந்தர் பெண்ணாக இருந்தும், பெண்கள் பட்டப்படிப்பு படிக்க அப்போது அலிகாரில் ஒரு கல்லூரி இல்லை. 1906-ல் தொடங்கிய அந்தச் சிறு பள்ளி படிப்படியாக வளர்ந்து 1937-ல்தான் பட்டப்படிப்புக் கல்லூரியானது. அதைக் காண பேகம் உயிரோடு இல்லை. ஷேக் அப்துல்லாஹ் தம்பதியின் மகள் மும்தாஜ் ஜஹான் அந்தக் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

பர்தா பற்றிய அவர் நிலை

பர்தாவைக் கண்டிப்பாகப் பேணியவர் பேகம். 1911-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குச் சென்று, ஐரோப்பாவையும் இஸ்தான்புல்லையும் எகிப்தையும் சுற்றி வந்தபோதும் முகத்திரையோடுதான் சென்றார். பர்தா ஏன் தேவை என்று நூலும் எழுதினார்.

ஆனால் பர்தாவின் பெயரால் பெண்ணை அறியாமையில் வைப்பதை அவர் ஏற்கவில்லை. மார்க்கம் கேட்கும் பர்தா வேறு, ஊர் வழக்கம் உண்டாக்கிய கட்டுப்பாடு வேறு என்று பிரித்துப் பார்த்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவரே முகத்திரையை விட்டு வெளியே வந்தார். அந்த முடிவைப் பாராட்டியவர்களும் உண்டு, வருந்தியவர்களும் உண்டு. பெண் கல்வி பற்றிய அவருடைய நிலை மட்டும் முகத்திரையோடு இருந்தபோதும் அதன் பின்னும் மாறவே இல்லை. 1928-ல் டெல்லியில் நடந்த அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். எல்லா மதத்துப் பெண்களும் கலந்துகொண்ட மாநாடு அது.

இறுதி ஆண்டுகள்

1924-ல், ஒரே ஆண்டில், மூத்த மகன்கள் நஸ்ருல்லாஹ் கான், உபைதுல்லாஹ் கான் இருவரையும் பறிகொடுத்தார். வாரிசு யார் என்ற சிக்கல் எழுந்தது. உயிரோடு இருக்கும் மகனே வாரிசு, இறந்த மகனின் பிள்ளை அல்ல என்று இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டி ஹமீதுல்லாஹ் கானுக்காக வாதாடினார். இதற்காக 1925-ல் லண்டன் வரை சென்றார். கோரிக்கை ஏற்கப்பட்டதும், 1926-ல் தானே முன்வந்து மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அரியணையை விட்ட பின்னும் வேந்தர் பொறுப்பையும் கல்விப் பணியையும் விடவில்லை.

1930 மே 12 அன்று, 71-வது வயதில் போபாலில் வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அலிகாரின் அடுத்த வேந்தராக அவர் மகன் ஹமீதுல்லாஹ் கான் பொறுப்பேற்றார்.

அவர் திறந்த வழி

பேகம் காலத்தில் ஒரு பெண் வேந்தராக முடிந்ததற்கு அவர் ஓர் அரசி என்பதும் காரணம். சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி படித்து, ஆசிரியராகி, படிப்படியாக உயர்ந்து பல்கலைக்கழகத்தை நடத்தும் நிலைக்கு வர நெடுங்காலம் ஆனது. 2019-ல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் பெண் துணைவேந்தரானார் பேராசிரியர் நஜ்மா அக்தர். அவர் அலிகாரில் படித்தவர். 2024 ஏப்ரலில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார் உளவியல் பேராசிரியர் நயீமா காத்தூன். அதற்கு முன் அவர் முதல்வராக இருந்தது அலிகார் பெண்கள் கல்லூரியில். அதாவது பேகம் மாத மானியம் கொடுத்துத் தாங்கிய அதே பள்ளியின் வளர்ச்சியில். முதல் வேந்தருக்கும் முதல் பெண் துணைவேந்தருக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

பேகத்தின் வாழ்க்கையிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பதவிப் பெருமையை அல்ல. பெண்ணின் படிப்பைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கவலை இருந்தால், அந்தக் கவலையை நீக்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்று அவர் யோசித்தார். படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. கல்லூரி தூரமாக இருக்கிறது என்றால் வாகனமும் விடுதியும் ஏற்பாடு செய்வது ஜமாஅத்தின் வேலை. கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் உதவித்தொகை கொடுப்பது வசதி உள்ளவர்களின் வேலை. மார்க்கக் கல்வி விடுபடுகிறது என்றால் அதற்கு வகுப்பு நடத்துவது மதரஸாக்களின் வேலை. கல்வி தேடுவது கடமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததில் பெண்களுக்கு விலக்கு இல்லை. அந்தக் கடமையை நிறைவேற்ற ஒரு பெண்ணுக்கு வழி செய்து கொடுப்பது சுற்றி இருப்பவர்களின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைத் தன் பங்குக்கு நிறைவேற்றிச் சென்ற நவாப் சுல்தான் ஜஹான் பேகத்தின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.